தட்டை அலகும் தீவு வீட்டு மரமும்

மரத்தில் பெரிய துளையை விரைவாகவும் மலிவாகவும் போடுவதற்கென்று அமைந்தது தட்டை அலகு. கடைகளில் ‘ஸ்பேட் பிட்’ என்று விற்கப்படுவது இதுதான். மெல்லிய உருக்குத் தண்டு ஒன்று, அதன் நுனியில் துடுப்புப் போலத் தட்டையான தகடு, தகட்டின் நடுவிலிருந்து நீண்டு நிற்கும் கூர்: முழுக் கருவியும் இவ்வளவே. திருகு அலகைப் போல் இதற்கு நுணுக்கமான கடைச்சல் வேலை தேவையில்லை. உருக்குத் துண்டைத் தட்டையாக்கி, ஓரம் தீட்டி, காய்ச்சிப் பதமாக்கினால் அலகு முடிந்தது. அதனால் ஒரே விட்டமுள்ள மர அலகுகளில் இதுவே விலை குறைந்தது.

விலை குறைந்தது என்பதாலேயே பல வீடுகளில் எல்லாத் துளைக்கும் இதைப் பூட்டுகிறார்கள். பிறகு துளை பிய்ந்தது, மரம் கருகியது, அலகு வளைந்தது என்று இதையே குறை சொல்கிறார்கள். அந்தக் குறைகளில் பெரும்பாலானவை மரத்தைப் பார்க்காமல் அலகைப் பூட்டியதால் வருபவை. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சுருவில் போன்ற ஊரில், மரத்தைப் பார்ப்பது என்பதே ஒரு வேலைதான். ஒரே வீட்டுக்குள் கூரையில் பனை, கதவில் முதிரை, வாங்கில் வேம்பு, அலுமாரியில் ஒட்டுப்பலகை என்று நாலு விதமான மரம் இருக்கும். நாலும் தட்டை அலகுக்கு நாலு விதமாக நடந்துகொள்ளும்.

அலகு வெட்டும் விதம்

மையக் கூர் முதலில் மரத்துக்குள் இறங்கி, அலகு அலையாமல் பிடித்துக்கொள்கிறது. பிறகு கூரின் இருபுறமும் உள்ள இரண்டு வெட்டுவாய்கள் மரத்தைத் தொடுகின்றன. ஒரு வாய் தகட்டின் முன்பக்கமாகவும் மற்றது பின்பக்கமாகவும் சரித்துத் தீட்டப்பட்டிருக்கும். அலகு சுற்றும்போது இரண்டும் சேர்ந்து துளையின் அடியைச் சுரண்டி எடுக்கும். சுரண்டுவதுதான், சீவுளி சீவுவது போன்ற வெட்டு இதில் இல்லை. துளையின் உள்சுவர் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதும், தூள் பொடியாகக் கொட்டுவதும் அதனால்.

நல்ல அலகுகளில் தகட்டின் இரண்டு வெளி ஓரங்களிலும் சிறு கொம்பு ஒன்று நீண்டிருக்கும். வாய்கள் மரத்தைத் தொடுவதற்கு முன்பே அது துளையின் வட்டத்தைக் கீறிவிடும். நார் முதலிலேயே அறுபட்டுவிடுவதால் விளிம்பு பிய்யாமல் வரும். கொம்பில்லாத அலகு ஒட்டுப்பலகையின் மேல்தாளைக் கிழித்துவிடும். சில அலகுகளில் மையக் கூரில் திருகு மரை வெட்டப்பட்டிருக்கும். அது தன்னைத் தானே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கைக்கு அழுத்தம் குறைவு. ஆனால் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினால் டிரில்லையே இழுத்துத் திருப்பிவிடும். வேலை பழகாதவருக்கு மரையில்லாத சாதாரணக் கூரே நல்லது.

தண்டு பெரும்பாலும் அறுகோணமாக, கால் அங்குலத் தடிப்பில், அதாவது 6.35 மில்லிமீற்றரில் இருக்கும். டிரில்லில் அலகைக் கவ்வும் சக்கின் மூன்று தாடைகளும் அறுகோணத்தின் மூன்று முகங்களில் அமர்வதால் பெரிய அலகுகூட வழுக்காது. தகட்டில் காணப்படும் சிறு ஓட்டையைப் பலர் ஆணியில் தொங்கவிடுவதற்கு என்று நினைக்கிறார்கள். அதற்கும் உதவும்தான். சுவர்த்தட்டிக்கு அப்பால் துளை போனதும் அந்த ஓட்டையில் வயரைக் கட்டி அலகைப் பின்னால் இழுத்தால் வயர் துளையூடாக வந்துவிடும் என்பதே அதன் பெரிய பயன். டிரில்லின் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் இதைச் செய்யவேண்டும்.

தட்டையான துளையலகு மின்சாரத்தைவிட மிகப் பழையது. வில்லாலோ கயிற்றாலோ சுழற்றிய துறப்பணத்தின் அலகும் தட்டையாகத்தான் இருந்தது. கயிறு முன்னும் பின்னுமாக மாறி மாறிச் சுற்றுவதால் அந்த அலகு இரு திசையிலும் சுரண்டும்படி தீட்டப்பட்டது. இந்து சமுத்திரக் கரைகளில் மரக்கலம் கட்டியவர்கள் ஆணிக்கு வழி துளைத்தது இத்தகைய துறப்பணத்தால். ஊர்காவற்றுறையும் வல்வெட்டித்துறையும் அந்தத் தொழில் நடந்த துறைகள். இன்றைய தட்டை அலகு ஒரு திசையில் மட்டுமே வெட்டும். கை கொடுக்க முடியாத வேகமும் அதற்கு வேண்டும். 1889இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் ஆர்தர் ஆர்னொட், வில்லியம் பிரெய்ன் என்ற இருவர் மின்சாரத் துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கிப் பிடிக்கும் டிரில்லைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் வைத்த வடிவத்துக்கு 1917இல் அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது. இப்படியொரு டிரில் சாதாரண வீட்டுக்கு எட்டியபின்தான் தட்டை அலகும் வீட்டுச் சாமானாயிற்று. கையால் சுற்றும் துறப்பணத்தில் இதைப் பூட்டினால் மரம் தேயுமே தவிரத் துளை இறங்காது.

அளவு

தட்டை அலகுகள் 6 மில்லிமீற்றரில் தொடங்கி 38 அல்லது 40 மில்லிமீற்றர் வரை பரவலாகக் கிடைக்கும். 10 மில்லிமீற்றருக்குக் கீழே இதை வாங்குவதில் பயன் குறைவு. அந்த அளவில் சாதாரணத் திருகு அலகு சுத்தமாகவும் நேராகவும் வெட்டும். 40 மில்லிமீற்றருக்கு மேலே தகட்டின் அகலம் கூடி, வீட்டு டிரில்லுக்குச் சுமை மிகும். அங்கே வட்டவாள் என்னும் ‘ஹோல் சோ’ தான் சரி. இடைப்பட்ட அரை அங்குலம் முதல் ஒன்றேகால் அங்குலம் வரையான நிலமே தட்டை அலகுக்கு உரியது.

இலங்கைக் கடைகளில் அங்குல அலகும் மில்லிமீற்றர் அலகும் ஒரே தட்டில் கிடக்கும். தச்சுவேலை செய்பவர் நூல் கணக்கில் பேசுவார்: எட்டு நூல் ஓர் அங்குலம், நாலு நூல் அரை அங்குலம், ஆறு நூல் முக்கால். நாலு நூல் 12.7 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு அந்தத் துளை சற்றுத் தளர்வாக இருக்கும், கேற்றுக்கோ வாங்குக்கோ அது பரவாயில்லை. ஓர் அங்குலம் 25.4, 25 மில்லிமீற்றர் அலகுடன் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இறுக்கமாகப் பொருந்தவேண்டிய தடிக்குத் தெரியும்.

குழாய்த் துளையில்தான் அளவு அதிகம் தவறுகிறது. ‘அரை அங்குலக் குழாய்’ என்று கேட்டு வாங்கும் பிவிசி குழாயின் வெளிவிட்டம் அரை அங்குலம் இல்லை. ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் இருக்கும். முக்கால் அங்குலக் குழாயும் வெளியே அளந்தால் ஓர் அங்குலத்துக்கு நெருங்கிவிடும். பெயரைக் கேட்டு அலகு வாங்காமல் குழாயின் வெளிப்புறத்தை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் பெரிய அலகை எடுக்கவேண்டும். வெயிலில் பிவிசி விரியும். இறுக்கமான துளையில் அது முறுகி ஒலியெழுப்பும்.

சுருவில் வீட்டு மரங்கள்

தீவுப்பகுதி வீடுகளில் பழைய ஓட்டுக் கூரையைத் தாங்குவது பெரும்பாலும் பனைதான். வளை, கைமரம், சிலாகை எல்லாம் பனையில். பனை ஒருவித்திலைத் தாவரம். வேம்பிலும் முதிரையிலும் உள்ளது போல் அதில் வளர்ச்சி வளையம் கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு வெளிப்புறமாகத் தடிப்பதும் கிடையாது. வேம்பில் வைரம் உள்ளே இருக்கும். பனையில் வைரம் வெளியே. மரத்தின் வெளிச்சுற்றில் கரிய நார்க்கற்றைகள் நெருக்கமாக அடைந்து கிடக்கும். உள்ளே போகப்போக அவை ஐதாகி, நடுவில் வெளிறிய மென்மையான சோற்றி மட்டும் மிஞ்சும். அறுத்த பனஞ்சிலாகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் கரும்புள்ளிகளாகத் தெரிபவை இந்தக் கற்றைகளே.

சுரண்டி வெட்டும் ஒரு கருவிக்கு இதைவிட மோசமான மரம் கிடையாது. மையக் கூர் ஒரு கற்றையின் மேல் பட்டால் பக்கத்து மென்பகுதிக்குச் சறுக்கும். துளை குறித்த இடத்திலிருந்து விலகும். வாய்கள் ஒவ்வொரு சுற்றிலும் வைரத்தில் முட்டி, சோற்றியில் விழுந்து, மறுபடி வைரத்தில் முட்டும். கையில் அதிர்வு ஏறும். மறுபக்கம் வெளிவரும்போது கற்றைகள் அறுபடாமல் நீளநீளமாகப் பிளந்து வரும். அந்தச் சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. இதற்கு மேலே, பனைக் குடும்பத்து மரங்களில் நார்க்கற்றைகளை ஒட்டி மிக நுண்ணிய சிலிக்கா மணிகள் உண்டு. மணலின் அதே பொருள்தான். சாதாரணக் கரிம உருக்கில் செய்த தட்டை அலகு விரைவில் மழுங்கிப்போவது அதனால். தென்னையும் இதே சாதி. வெளிவட்டம் கடினம், உள்வட்டம் மென்மை, கருவியின் வாயைத் தின்னும் குணம் ஒன்றே.

பனையில் 10 மில்லிமீற்றர் வரையான துளைக்கு உலோகத்துக்குரிய அதிவேக உருக்குத் திருகு அலகு நன்றாக இறங்கும். அதற்கு மேற்பட்ட துளைக்குக் கடினப் பல் வைத்த வட்டவாள் பொருத்தம். தட்டை அலகுதான் கையில் இருக்கிறது என்றால், புதிதாகத் தீட்டிய அலகை எடுத்து, மையத்தில் முதலில் சிறு திருகு அலகால் வழித்துளை போட்டு, கரிய வைரப் பக்கத்திலிருந்து தொடங்கி, மறுபக்கத்தில் ஒரு பலகைத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டு வெட்டலாம். துளை அழகாக வராது, ஆனால் வரும்.

துளை வருமா என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கூரை மரத்தில் துளை போடலாமா? பனங்கைமரத்தின் வலு முழுவதும் அந்தக் கரிய வெளிப்பட்டையில் இருக்கிறது. அதில் 25 மில்லிமீற்றர் துளை போட்டால் சோற்றியை மட்டும் நம்பிக் கூரை நிற்கவேண்டிவரும். மின்விசிறிக்கு வயர் கொண்டுபோகக் கைமரத்தைத் துளைப்பது வேண்டாத வேலை. வயரைக் குழாயில் விட்டு மரத்தின் பக்கவாட்டில் கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். வேறு மரத்தில் செய்த வளையிலும் துளை போட்டே ஆகவேண்டும் என்றால் உயரத்தின் நடுப்பகுதியில், உயரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மிகாமல் போடுவது பாதுகாப்பு. நீளத்தின் நடுவே அடிப்பக்கத்தை வெட்டுவது ஒருபோதும் ஆகாது.

முதிரை வேறு விதமான சிக்கல். வன்னிக் காட்டிலிருந்து வந்த இந்த மரம் நெருக்கமானது, பாரமானது, பொன்னிறமாக மினுங்குவது; பழைய வீடுகளின் முன்கதவும் நிலையும் இதில் இருந்தால் வீட்டுக்காரருக்குப் பெருமை. தட்டை அலகு முதிரையில் இறங்கும். ஆனால் மெதுவாக இறங்கும், வெப்பம் ஏறும், கவனிக்காவிட்டால் புகை வரும், துளையின் சுவர் கருகும். பாலை மரம் இன்னும் கடினம். இவற்றில் அரை அங்குலத்துக்கு மேற்பட்ட துளைக்குத் திருகுத்தண்டு அலகான ‘ஓகர்’ நல்லது. அது சுரண்டாமல் வெட்டி, தூளைத் தானே வெளியேற்றும். முதிரையில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கொப்புளமும் அரிப்பும் உண்டாக்கும். தட்டை அலகு பொடித்தூளை அதிகம் கிளப்புவதால் மூக்கும் வாயும் மூடிக்கொண்டு வேலை செய்து, முடிந்ததும் கையைக் கழுவுவது நல்லது.

வேம்பும் பூவரசும் இடைநிலை மரங்கள். கூரான தட்டை அலகுக்கு இரண்டும் இணங்கும். வேம்பில் நார் பின்னிக்கிடப்பதால் விளிம்பு சற்றுப் பிய்யும். இருபக்கமிருந்தும் வெட்டினால் சரியாகிவிடும். லுணுமிதெல்ல என்ற மென்மரம், பைன் பெட்டிப்பலகை, ஒட்டுப்பலகை, எம்டிஎஃப் ஆகியவையே தட்டை அலகின் சொந்த நிலம். இவற்றில் ஓர் அங்குலத் துளை சில விநாடி வேலை.

பழைய மரம் என்பது தீவுப்பகுதியில் ஒரு தனிவகை. 1990இன் போர்க்கால இடப்பெயர்வில் ஆளில்லாமற்போன வீடுகளின் கூரைகள் காலப்போக்கில் இறங்கின. திரும்பி வந்தவர்கள் விழுந்த வளைகளையும் கதவுகளையும் பொறுக்கி எடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். பனையை நினைத்தவுடன் தறிக்கவும் முடியாது, அனுமதி வேண்டும். ஆகவே ஒரே சிலாகை மூன்றாவது கூரைக்கும் போகும். அப்படிப்பட்ட மரத்துக்குள் தலை முறிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். தட்டை அலகு ஆணியில் பட்டால் வாயில் பெரிய பல் விழும். வேகத்தில் இருந்தால் அலகு சிக்கி டிரில் கையைத் திருகும். துளை போடுமுன் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை ஒரு நூலில் கட்டி மரத்தின் மேல் நகர்த்தினால் இரும்பு ஆணி இருக்குமிடத்தில் அது இழுபடும். பித்தளை ஆணியைக் காந்தம் காட்டாது. துருக்கறை படிந்த சிறு ஓட்டைகளைக் கண்ணால் தேடுவதும் உதவும்.

மரத்தைக் கடந்தால் சுவர். தீவு வீடுகளின் பழைய சுவர்கள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கதவு நிலையைத் துளைத்துக்கொண்டு போகும் அலகு கல்லைத் தொட்ட கணத்தில் கெட்டுவிடும். நிலை எவ்வளவு தடிப்பு என்று அளந்து, அந்த நீளத்தில் தண்டைச் சுற்றி நிறநாடா ஒட்டிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். அதற்குப் பிறகு கல் அலகுக்கு மாறவேண்டும். உலோகம், கண்ணாடியிழைப் படகு, ஓடு எதற்கும் தட்டை அலகு ஆகாது.

எதற்கு, எதற்கு இல்லை

கண்ணுக்குத் தெரியாத துளை, அல்லது வேறொன்றால் மூடப்படும் துளை: தட்டை அலகு சிறக்குமிடம் அது. தொலைக்காட்சி மேசையின் பின்பலகையில் வயர் போக ஒரு துளை, சமையலறை அலுமாரியின் அடியில் கழிவுக் குழாய்க்கு ஒரு துளை, கோழிக்கூட்டில் தடி செருக ஒரு வரிசைத் துளை, கேற்றின் மரச்சட்டத்தில் போல்ட் துளை, உருண்டைப் பிடிப் பூட்டின் நாக்குப் போகக் கதவின் ஓரத்தில் 23 அல்லது 25 மில்லிமீற்றர் துளை. கதவுக்குள் புதைக்கும் பூட்டுக்கு நீள்சதுரக் குழி வேண்டும். தட்டை அலகால் ஒன்றை ஒன்று தொடாமல் ஒரு வரிசை துளைகள் போட்டு, இடையில் மிஞ்சும் மரத்தை உளியால் கொத்தி எடுத்தால் அரைநாள் உளிவேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

ஓட்டையில்லாத குழிக்கு, அதாவது மறுபக்கம் போகாத துளைக்கு, இது உகந்ததில்லை. மையக் கூர் வாய்களைவிட ஒரு சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ நீண்டிருப்பதால் குழியின் அடியில் இன்னொரு ஆழமான ஓட்டையை விட்டுவிடும். அலுமாரிக் கதவின் மறைபிணைச்சலுக்கு 35 மில்லிமீற்றர் அகலத்தில், 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் குழி வேண்டும். பலகையின் தடிப்போ 18 மில்லிமீற்றர். தட்டை அலகைப் பூட்டினால் அதன் கூர் முன்பக்கத்து மினுக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். அங்கே அடி தட்டையாக வெட்டும் ‘ஃபோர்ஸ்னர்’ அலகு ஒன்றே வழி.

ஏற்கனவே இருக்கும் துளையைப் பெரிதாக்கவும் தட்டை அலகால் முடியாது. கூர் குத்தி நிற்க மரம் இல்லை, அலகு துள்ளும். துளைக்குள் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி இறுக்கமாக அடித்து, அதன் நடுவில் கூரை வைத்துப் புதிய அளவில் வெட்டலாம். சரிவான துளையும் இதற்குச் சிரமம்: முதலில் நேராக நிறுத்தி வாய்கள் மரத்தில் சற்று இறங்கியபின் மெல்லச் சரிக்கலாம், ஆனால் அதிகச் சரிவுக்கு ஓகர்தான்.

வாங்கும்போது

ஆறு அலகு கொண்ட கட்டு வாங்குவது பலருக்குப் பழக்கம். வீட்டுப் பாவனைக்கு 16, 20, 25 மில்லிமீற்றர் என்று மூன்றைத் தனித்தனியே நல்ல தரத்தில் எடுப்பது, மலிவான முழுக் கட்டைவிட நீண்டநாள் உழைக்கும். கட்டிலுள்ள பெரிய அலகு பெரும்பாலும் பெட்டியிலேயே துருப்பிடிக்கும்.

அலகைக் கையில் எடுத்துத் தண்டைக் கடையின் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்க்கவேண்டும். அறுகோணத் தண்டு தடக்குத் தடக்கென்று புரளும். ஆனால் கூர் தண்டின் அச்சிலிருந்து விலகாமல் சுற்றவேண்டும். கூர் வட்டம் போட்டால் அலகு வளைந்தது, அது எப்போதும் அளவைவிடப் பெரிய துளையையே போடும். அடுத்து வாய்களைப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்று உயர்ந்தால் அது மட்டும் வெட்டும், மற்றது சும்மா சுற்றும். கூரிலிருந்து இரு ஓரத்துக்கும் தூரம் சமமா என்று ஓர் அளவுகோலை வைத்தால் தெரிந்துவிடும். தகடு மெல்லியதாக இருந்தால் கடின மரத்தில் முறுகும். பளபளப்பான பொன்னிறப் பூச்சு அலகை நல்லதாக்குவதில்லை. தீட்டிய முதல் தடவையிலேயே வாயில் அது போய்விடும். பற்றரி டிரில்லோடு தட்டித் திருகும் ‘இம்பாக்ட்’ கருவியும் வீட்டில் இருக்குமானால், அலகு அதற்கு ஏற்றதென்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சாதாரண அலகின் தண்டு அந்தத் தட்டலில் முறியும்.

துளை போடும்போது

மரத்தை முதலில் இறுக்கிப் பிடிக்கவேண்டும். காலால் மிதித்துக்கொண்டு துளைப்பது நாட்டில் எங்கும் காணும் காட்சி. பெரிய அலகு சிக்கினால் பலகை சுழன்று கணுக்காலில் அடிக்கும். கிளாம்ப் இல்லையென்றால் மேசையில் இரண்டு கட்டை அடித்து இடையில் செருகலாம். சாரம் கட்டியிருந்தால் மடித்து இறுக்கிக் கட்டவேண்டும். தொளதொளத்த சட்டைக் கையும் கையுறையும் சுற்றும் அலகில் மாட்டும். கண்ணாடி அணிவது கட்டாயம். நாட்டு மின்சாரம் 230 வோல்ட். கிணற்றடியிலோ ஈரமுற்றத்திலோ வேலையென்றால் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்தே வயர் இழுக்கவேண்டும்.

துளையின் மையத்தை ஆணியால் குத்தி அடையாளம் வைத்து, கூரை அதில் ஊன்றி, மெதுவாகத் தொடங்கவேண்டும். கொம்புகள் மரத்தில் முழு வட்டம் கீறும்வரை வேகம் கூடாது. வட்டம் ஒரு பக்கம் மட்டும் கீறினால் டிரில் சரிந்திருக்கிறது என்று பொருள். அப்போதே நிமிர்த்தலாம், பிறகு முடியாது. பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி வைத்தால் கண்ணுக்குத் துணை.

வட்டம் விழுந்தபின் வேகத்தைக் கூட்டி, அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். பழகாதவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: மெதுவாகச் சுற்றவிட்டுப் பலமாக அழுத்துவார்கள், அலகு மரத்தில் கடித்து நிற்கும். மென்மரத்தில் 10 முதல் 16 மில்லிமீற்றர் அலகுக்கு நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று, 25 வரை 1000 முதல் 1500, அதற்கு மேல் 1000க்குக் கீழே என்பது ஒரு நடைமுறைக் கணக்கு. முதிரை போன்ற மரத்துக்கு இதில் பாதியில் தொடங்கலாம். பெரிய அலகுக்கு வேகம் குறைவதன் காரணம் எளிது: 1200 சுற்றில் 10 மில்லிமீற்றர் அலகின் ஓரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 38 மீற்றர் ஓடும், 32 மில்லிமீற்றர் அலகின் ஓரம் அதே சுற்றில் 120 மீற்றர் ஓடும். உரசல் கூடினால் சூடு, சூடு கூடினால் உருக்கின் பதம் போகும். டிரில்லில் சுத்தியல் அடையாளம் போட்ட விசை ‘தட்டும்’ நிலையில் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மரத்துக்கு அது வேண்டாம்.

தட்டை அலகுக்குத் தூளை வெளியேற்றும் புரி கிடையாது. ஒன்றரை அங்குல ஆழத்துக்கு ஒருமுறை, சுற்றவிட்டபடியே பின்னிழுத்துத் தூளைக் கொட்டவேண்டும். நின்ற அலகைப் பிடுங்கினால் தூள் உள்ளேயே அடையும்.

மறுபக்கம் பிய்வதைத் தடுக்க இரண்டு வழி. கூரின் நுனி மறுபக்கத்தில் எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தச் சிறு ஓட்டையில் கூரை வைத்து அங்கிருந்து வெட்டி முடிப்பது ஒன்று. திருப்பமுடியாத நிலைகளில் பின்னால் ஒரு பலகைத் துண்டை இறுக்கமாக வைத்துவிட்டு நேரே போவது மற்றது. இரண்டுமில்லாமல் போனால் கடைசி மில்லிமீற்றர்களில் அலகு மிச்ச மரத்தைக் கொத்தாகப் பிடித்து டிரில்லைத் திருப்பும். மணிக்கட்டு சுளுக்கக்கூடிய இடம் இது. 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அலகுக்குப் பக்கக் கைப்பிடியைப் பூட்டி இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். சக்குத் திறப்பை மூன்று ஓட்டையிலும் மாறி மாறி இறுக்கி, உடனே எடுத்துவிடவேண்டும்.

தீட்டுதலும் துருவும்

தூள் மாவாக வரத்தொடங்கினால், அழுத்தம் கூட்டவேண்டியிருந்தால், மரம் கருகும் மணம் வந்தால் அலகு மழுங்கிவிட்டது. மற்ற அலகுகளுக்கு இல்லாத வசதி இதற்கு உண்டு: ஒரு சின்னத் தட்டை அரம் இருந்தால் வீட்டிலேயே தீட்டலாம். அலகைக் குறட்டில் இறுக்கி, இருக்கும் சரிவையே பின்பற்றி, முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தி அராவவேண்டும். ஒரு வாய்க்கு எத்தனை தடவையோ அத்தனையே மற்றதற்கும். கூரின் இரு ஓரத்தையும் சிறிது தொடலாம், நடுவிலிருந்து விலகாமல். தகட்டின் வெளி ஓரத்தை அராவவே கூடாது. விட்டம் குறைந்து, அலகு தன் துளையிலேயே இறுகும். மின்சாரச் சாணையில் பிடித்தால் நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த வாய் பதம் போன வாய்.

உப்புக்காற்று வீசும் தீவில் கரிம உருக்கு அலகைத் திறந்தபடி சாளரத்தில் வைத்தால் ஒரு மாரிக்குள் செந்துரு ஏறிவிடும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி மூடிய ரின்னில் போடுவது போதும். முதிரைத் தூளும் வேம்புப் பிசினும் ஒட்டியிருந்தால் முதலில் மண்ணெண்ணெயால் கழுவவேண்டும். மேலோட்டமான துரு கேடில்லை, அரத்தில் போய்விடும். வாயில் குழி விழுந்த துரு, வளைந்த தண்டு, ஒரு பக்கம் தேய்ந்த கொம்பு இந்த மூன்றில் ஒன்று வந்தால் புதிய அலகு வாங்குவதே சிக்கனம்.